வாசலில் காய வைத்த கித்தான்

இன்று தேரடித் தெருக் கடையில், சட்டம் போட்ட கித்தானில் 'வாங்க, சாப்பிடலாம்' என்று அச்சடித்து மாட்டியிருந்தார்கள். தனியாக நின்று சிரித்தேன்.

எண்பதுகளில் நானும் என் வீட்டுக்காரரும் இதை வீட்டிலேயே செய்தோம். அவர் மரச்சட்டம் அடித்தார். நான் கித்தானை இழுத்து ஆணியடித்து, இதே வார்த்தைகளைச் சிவப்புப் பெயிண்டில் எழுதி, சுற்றிலும் மல்லிகைக் கொடி வரைந்தேன். சமையலறையில் மாட்டத்தான்.

பெயிண்ட் காயட்டும் என்று வாசலில் சாய்த்து வைத்தேன். வீடு கிரிவலப் பாதையில். அன்று கார்த்திகை தீபம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குடும்பம் உள்ளே வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டது. பின்னாலேயே இன்னொரு கூட்டம்.

"இலை போடும்மா, கீழ்பென்னாத்தூர்லேர்ந்து நடந்தே வர்றோம்" என்றார் ஒரு பெரியவர்.

வீட்டுக்காரர் என் காதோரம், "போர்டை உள்ள எடுத்துடட்டா?" என்றார்.

"உக்காந்தவங்கள எப்படிங்க எழுப்புறது? போய் ரவை வாங்கிட்டு வாங்க" என்றேன்.

வெங்காயம் போடாமல் உப்புமா கிண்டிக்கொண்டே இருந்தேன். மலையில் தீபம் ஏறியபோது கரண்டியும் கையுமாகத்தான் கும்பிட்டேன். அப்படி ஒரு சந்தோஷம்.

கிளம்பும்போது பெரியவர், "உப்பு கொஞ்சம் கம்மி. அடுத்த வருஷம் பாத்துப் போடும்மா" என்றார்.

அடுத்த வருஷமும் வந்தார்.

கடையில் இருந்ததை வாங்கிவிட்டேன். தீபத்துக்கு வருகிறவர்கள், உப்பு எவ்வளவு வேண்டும் என்று இப்போதே கீழே கமெண்டில் எழுதிவிடுங்கள்.