தை வரைக்கும் மட்டும்

டெல்லி கரோல் பாகில் இருக்கும் ஒரு டிராவல்ஸ் ஆபீஸின் படியிறங்கி, புசா ரோடு பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சட்டைப்பையில் ஒப்பந்தத் தாள். கையெழுத்துப் போட மாலை வரை நேரம் கொடுத்திருந்தார்கள். கார்த்திகை மாதப் புகை தொண்டையைக் கரித்தது. எங்கே போகிறேன் என்று தெரியாமலே கால் போனது.

முருகனை நம்புகிற அன்பர்களே, நான் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன். யாத்திரை வருகிற தமிழ்க் குழுக்களுக்குச் சமையல்காரன். பஸ்ஸின் பின்னால் அடுப்போடும் அரிசி மூட்டையோடும் ஹரித்துவார், பத்ரிநாத், காசி என்று சுற்றுவேன். ஒரு யாத்திரை முடிந்தால் அடுத்தது வரும் வரை வேலை இல்லை. எனக்கு அது பழகிப்போன வாழ்க்கை. புகார் இல்லை.

ஆனால் அந்த வருடம் மழைக்காலத்தில் மலைப்பாதைகள் சரிந்து, வரவேண்டிய குழுக்கள் வரவில்லை. திரிலோக்புரியில் அக்கா வீட்டில் தங்கினேன். அக்கா மயூர் விஹார் பிளாட்டுகளில் வீட்டுவேலை செய்கிறாள். மச்சான் பெயின்டர். ஒரே அறை. அதில் பிள்ளைகளோடு நானும்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கம்பெனி கூப்பிட்டது. மாதச் சம்பளம், படுக்க இடம், நோய் வந்தால் வைத்தியச் செலவு. இரண்டு வருட ஒப்பந்தம். இடையில் விலகக் கூடாது. ஆதார் ஒரிஜினல் அவர்களிடம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தை மாதத்தில் ஒரு நாள்கூட லீவு கிடையாது. கங்கையில் முழுக்குப் போடக் கூட்டம் கூட்டமாக வருகிற மாதம் அது. அவர்களுக்கு அறுவடைக் காலம்.

எனக்கோ தை மாதம் வேறு. ருத்ரபிரயாகைக்கு மேலே முன்னொரு முறை பஸ் நின்றுபோனது. முன்னாலும் பின்னாலும் மண்சரிவு. நான் டைபாய்டு காய்ச்சலில் கடைசி சீட்டில் கிடந்தேன். மருந்து இல்லை. கண் செருகியபோது, “பிழைத்தால் ஒவ்வொரு பூசத்துக்கும் திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு நடந்து வருகிறேன், கால் இருக்கிற வரைக்கும்” என்று வேண்டினேன். பிழைத்தேன். நடந்தேன். இப்போது கையெழுத்துப் போட்டால் இரண்டு பூசம் போய்விடும்.

காலையில் கிளம்பும்போது மச்சான் சொல்லி அனுப்பினார்: “மாப்ளே, கையெழுத்துப் போட்டுட்டு வா. இல்லேன்னா பெட்டியத் தூக்க வா. சாமிக்கு ரெண்டு வருசம் பொறுக்கத் தெரியும். எனக்குத் தெரியாது.”

நியாயமான பேச்சுதான். அவர் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை.

மெட்ரோ ஏறி முருகன் கோயிலுக்குப் போனேன். நம் வழக்கப்படி பூப்போட்டுக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். வெள்ளைச் செவ்வந்தி வந்தால் இரண்டு வருடம். சிவப்பு ரோஜா வந்தால் ஒப்பந்தம் வேண்டாம். இரண்டையும் செய்தித்தாளில் ஒரே மாதிரி மடித்துச் சன்னதிப் படியில் வைத்தேன். எடுக்க ஒரு ஆள் வேண்டும். மத்தியானம், கூட்டமே இல்லை. ஒரு பஞ்சாபி அம்மாள் பிராகாரம் சுற்றி வந்தார். “ஆன்ட்டிஜி, ஏக் உட்டாயியே” என்றேன், ஒன்றை எடுக்கச் சொல்லி.

அவருக்கு இந்த வழக்கமெல்லாம் எங்கே தெரியும்? பிரசாதம் என்று நினைத்துவிட்டார். இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கைப்பையில் போட்டார். “ஜீத்தே ரஹோ பேட்டா” என்று என் தலையைத் தொட்டு ஆசி சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே போய் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

எனக்கு வந்த கோபம்! முருகனைப் பார்த்து நேராகவே கேட்டேன்: “உன்கிட்ட ஒரு பதில் கேட்டா, ரெண்டையும் தூக்கிக் குடுத்து அனுப்புறியே, இது உனக்கே நல்லாருக்கா?”

கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றட்டுமா வேண்டாமா என்று அவனிடமே பூப்போட்டுக் கேட்டிருக்கிறேன். அவன் என்ன சொல்லுவான்? அது நான் சொல்ல வேண்டிய பதில். அங்கேயே நின்று வேண்டுதலை மாற்றினேன். “முருகா, அடையாளம் வேண்டாம். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் கொடு. சோற்றை நீ பார்த்துக்கொள்.”

திரும்ப ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பையன்.

“ஆயியே அண்ணா, ஜல்தி சைன் பண்ணுங்க.”

“தை பிறக்குற வரைக்கும் போடுறேன் தம்பி. பூசம் முடிஞ்சு வந்து மறுபடி போடுறேன். வருசா வருசம் இப்படியே.”

சிரித்தான். “அச்சா! சீசன்ல நீங்க வாக்கிங் போவீங்க, ஆஃப் சீசன்ல நாங்க சாப்பாடு போடணுமா? இது கம்பெனி அண்ணா, சும்மா சோறு போடுற தரம்சாலா இல்ல. தோ சால், ரெண்டு வருசம். இல்லேன்னா குச் நஹி.”

“அப்ப குச் நஹிதான். ஒண்ணும் வேண்டாம்.”

“உங்க முருகன்ஜியா சேலரி குடுப்பாரு?”

“இதுவரைக்கும் குடுத்தது அவருதான் தம்பி. உங்க கம்பெனி இல்ல.”

தாளை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். குரல் நடுங்கவில்லை. கேட்ட வாய் கிடைத்துவிட்டது. பாதி வேண்டுதல் நிறைவேறியது என்று அந்தப் படியிலேயே கும்பிட்டேன்.

அக்கா வீட்டில் பெட்டியை எடுத்தேன். “ஏண்டா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?” என்று அக்கா அழுதாள். துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நான் எப்போதும் சாமான் வாங்கும் கடை அண்ணாச்சி.

“ஏலே, டெல்லிலதான் கெடக்கியா, இல்ல எங்கயாச்சும் ஓடிட்டியா? நத்தத்துலருந்து ஒரு குழு வந்து எறங்கிருக்கு. கூட வந்த சமையக்காரரு வழுக்கி விழுந்து கைய ஒடச்சிக்கிட்டாரு. வயசானவங்க எல்லாம் ரொட்டியப் பாத்து முழிச்சிட்டு ஒக்காந்திருக்காங்க. போறியா?”

அண்ணாச்சி பக்கத்தில் நின்ற குழுத் தலைவர் ஓய்வு பெற்ற கண்டக்டர். அவர் போனை வாங்கியதும் நான் முதலில் கேட்டது சம்பளம் இல்லை. “ஐயா, எதுவரைக்கும்?”

“அயோத்தி, காசி, கயா பாத்துட்டு மார்கழிக்குள்ள ஊருக்குத் திரும்பிருவோம் தம்பி. நீங்களும் எங்ககூடவே ரயிலேறி வந்துருங்க. திண்டுக்கல்லுல எறக்கி விட்டுர்றோம். தோதுப்படுமா?”

“வர்றேன்யா” என்றேன். தோதுப்படுமாவாம்! பாதயாத்திரை தொடங்குகிற ஊர் வாசலிலேயே கொண்டுவந்து இறக்குகிறேன் என்கிறார். அக்காவிடம் சொன்னேன். அழுத முகத்தோடு திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினாள். மச்சான் தன் கம்பளிப் போர்வையைப் பெட்டிமேல் போட்டு, “காசி குளுரும்” என்றார். அவ்வளவுதான்.

அந்தத் தையில் நடந்தேன். அதன் பிறகும் ஒரு பூசம்கூடத் தவறவில்லை. இப்போது யார் ஒப்பந்தத்தோடு வந்தாலும் கால அளவை நான்தான் சொல்கிறேன்: தை வரைக்கும், அதற்குமேல் இல்லை. சிலர் திட்டுகிறார்கள். சில மாதம் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் எதுவரைக்கும் என்று சொல்லப் பயந்து யார் முன்னும் நின்றதில்லை. நீங்களும் அவனிடம் அடையாளம் கேட்டு நிற்காதீர்கள். சொன்ன சொல்லில் நில்லுங்கள். மிச்சத்தை அவன்மேல் போடுங்கள். கந்தன் தாங்குவான். தாங்கியதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

அந்தப் போன் வந்த மறுநாள் விடியலில் பஹாட்கஞ்ச் சத்திரத்து முற்றத்தில் அடுப்பைப் பற்றவைத்தேன். குரங்குக் குல்லாயும் சால்வையுமாக ஒவ்வொருவராக வந்து அனலைச் சுற்றி நின்றார்கள். ஒரு பாட்டையா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, “தம்பி, பொங்கலா? மெளகு தூக்கலாப் போடுங்க” என்றார்.

“உக்காருங்கய்யா,” என்றேன். “இன்னிக்கு வேலைக்குச் சேர்ந்த நாள். நெய்யும் தூக்கலாவே விடுறேன்.”