ஐஸ் பெட்டியும் அருளம்பலம் டொக்டரும்

இல்ல, ஆமிக்காரனோட சண்டை போட்டதாலதான் டொக்டர மறிச்சு வச்சாங்கன்னு நீங்க கேள்விப்பட்டது பொய். பக்கத்துல நின்னது நான். அவர் சண்டை போட்டது என்னோட.

முந்தாநாள் கம்பளை ஸ்டேஷன்ல ஆட்டோவுல ஹயர் ஏத்திக்கிட்டு நிக்கிறப்ப மிட்வைஃப் மிஸ் போன் பண்ணுனாங்க. அருளம்பலம் டொக்டர் நெஞ்சுவலியில செத்துட்டாராம். "காலையிலகூட ஹோட்டல்காரன ஏசினாரே"ன்னு அழுதாங்க. ஏத்துன ஆள இறக்கி விட்டுட்டேன். அந்தாளு ஏசினான். ஏசட்டும்.

டொக்டர் யாழ்ப்பாணத்து ஆளு. எங்க பகுதிக்கு சுகாதார டொக்டர். தடுப்பு மருந்து, கக்கூஸ், கொசு எல்லாம் அவர் பொறுப்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல பின்பக்கம் போவார். எங்க அக்கா கல்யாணத்துக்கும் அப்படித்தான். பொண்ணு மாப்பிள்ளை படத்துல, பின்னால தண்ணி பீப்பாவுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு ஒரு கோட்டு மட்டும் தெரியும். மச்சான் இன்னும் அந்தப் படத்த மாட்ட விடல.

நான் பத்தாம் வகுப்போட ஸ்கூல விட்டவன். ஆட்டோ ஓட்டுறேன். ஆஃபீஸ் ஜீப் கராஜ்ல கிடந்தா என்னத்தான் கூப்பிடுவார். அவர மறிச்சு வச்சது யுத்தம் நடந்த காலத்துல. அன்னைக்கு ஹந்தானை தோட்டத்து லயத்துப் புள்ளைங்களுக்கு போலியோ சொட்டு மருந்து. ஏறுற வழியில செக் பொயின்ட். ஆமிக்காரன் டொக்டரோட ஐடென்டிய பாத்தான். பொறந்த இடம் யாழ்ப்பாணம். உடனே மருந்து வச்சிருந்த ஐஸ் பெட்டியத் தொறக்கச் சொன்னான்.

தொறந்தாச்சு. மூட விடல. வெயில் கொளுத்துது. ஐஸ் உருகினா மருந்து பழுதாயிரும், மேல அத்தனை புள்ளைங்களும் சும்மா வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும்.

மருந்துன்னா நீயே குடிச்சுக் காட்டுன்னான். டொக்டரோட சிங்களத்தக் கேட்டா பாவமா இருக்கும். அதனால நான்தான் நடுவுல.

"குடிங்க டொக்டர். ரெண்டு சொட்டுதானே."

"எனக்கெதுக்கு? அது ஒரு பிள்ளையின்ர பங்கு."

"உங்கள அள்ளிட்டுப் போயிருவாங்க டொக்டர்."

"நீ வாயைப் பொத்து. என்னை எவ்வளவு நேரமெண்டாலும் வைச்சிருக்கட்டும். பெட்டியை மூட விடச் சொல்லு."

அப்படியே சொன்னேன். ஆமிக்காரன் யோசிச்சான். பெட்டி போகலாம், ஆள் நிக்கணும்னான். நான் ஆட்டோவ எடுக்காம நிக்கிறேன். டொக்டருக்கு சந்தோசம். "மூடியை இறுக்கு. பயப்பிடுறதைப் பிறகு பாப்பம்"னு சொல்லி என்னத் தள்ளி விட்டார்.

மேல காத்துக்கிட்டிருந்த மிட்வைஃப் மிஸ் எல்லாப் புள்ளைக்கும் குடுத்து முடிச்சாங்க. நான் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். பொழுது சாயுறப்ப ஆமி ட்ரக் ஒண்ணு லயத்துக்கு ஏறி வந்துச்சு. சனம் எல்லாம் வீட்டுக்குள்ள ஓடிருச்சு. இறங்குனது டொக்டர். அவர வச்சிருந்த ஆமி காம்ப்ல குடிக்கிற தண்ணியில கொசுப்புழு கண்டுபிடிச்சு, இருந்த தண்ணி எல்லாத்தையும் கொட்ட வச்சு, பீப்பாவ தேய்க்க வச்சிருக்கார். கொண்டு வந்து விட்ட ஆமிக்காரன் என்னத் தம்பி முறை வச்சு என் காதுல, "மல்லி, இவர இனி இந்தப் பக்கம் கூட்டிட்டு வராத"ன்னான்.

டொக்டர் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"ஐஸ் மிஞ்சினதோ?"

"மிஞ்சிச்சு டொக்டர்."

"பிறகேன் அழுறாய்?"

அவர்கிட்ட இருந்து என்கிட்ட மிச்சம் இருக்கறது இந்த மாதிரி ஏச்சுதான். செத்த வீட்டுக்கு ஏன் வரலன்னு யாரும் கேக்காதீங்க. இன்னைக்கு மருந்து நாள். பெட்டிய விட்டுட்டு அங்க வந்து நின்னா அவர் எழும்பி ஏசுவார். மிஸ் ஏறி உக்காந்துட்டாங்க, வெயிலும் ஏறுது. நான் போகணும்.