வெறுங்காலோடு கழுவிய சாமான் அறை

கோலா சாவா பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா என்றால், அன்னதானச் சாம்பார் தாயம்மா அக்கா கைதான். மற்ற நாளெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் கீழ் உதிரிப்பழம் பொறுக்குவார். திருவிழாவன்று அண்டா பக்கத்தில் ராணி மாதிரி நிற்பார். பிள்ளை இல்லாதவருக்கு அந்த இடம்தான் எல்லாம்.

இந்த வருடம் கோயில் தலைவர் வீரமுத்து, டவுன் பக்கம் அம்பாங்கானில் கேட்டரிங் செய்யும் தன் மருமகள் மாதவியையும் சமையலுக்குச் சேர்த்தார். அக்காவுக்கு வயிறு எரிந்தது. மாதவியின் சிரிப்பு, ஆளாளுக்கு அவளை "மாது, மாது" என்று கூப்பிடுவது, எதுவும் பிடிக்கவில்லை.

மாதவி கோயில் சாமான் அறையை எட்டிப் பார்த்தாள். மூட்டைகளுக்கு நடுவே எலிப்புழுக்கை, தரையெல்லாம் ஈரம்.

"அக்கா, நாளைக்கு பூட்ஸ், கிளவுஸ் கொண்டாறேன். குளோரின் ஊத்தி ஊறவச்சுக் கழுவுவோம். எலி மூத்திரத்துல கிருமி இருக்குலா."

"கோயிலுக்குள்ள பூட்ஸா? ஆத்தா கண்ணைத் தொறந்து பாப்பாடி! இத்தனை வருசமா வெறுங்காலோடதான் கழுவுறேன். எந்த எலி என்னைக் கடிச்சிச்சு?"

"கடிக்கவே வேணாங்க்கா. உங்க கால் வெடிப்பு வழியா ஏறிடும்."

அக்கா சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். அன்று சாயங்காலமே தனியாகப் போய், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அந்த அழுக்குத் தண்ணீரிலேயே நின்று தேய்த்து முடித்துவிட்டார். மறுநாள் பூட்சோடு வந்த மாதவியிடம், "வேலை முடிஞ்சிருச்சுமா, போய் ரெஸ்ட் எடு" என்றார்.

அடுத்த வாரம், திருவிழாவுக்கு முன்தினம், அக்காவுக்குக் காய்ச்சல் கொதித்தது. கெண்டைக்கால் வலி, கண் இரண்டும் சிவப்பு. மாத்திரையை விழுங்கிவிட்டுக் காய் நறுக்க உட்கார்ந்தார்.

"நான் படுத்தா அவ கரண்டியைப் புடிச்சுக்குவா" என்று பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் காதில் சொன்னார். சொன்னவர் அப்படியே என் மேல் சாய்ந்தார். மாதவிதான் எங்களைத் தன் காரில் ரந்தாவ் டவுன் கிளினிக்குக் கொண்டுபோனாள்.

"எலி இருக்கற இடத்துல, தண்ணியில நின்னீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அக்கா மாதவியைப் பார்த்தார். "இல்ல டாக்டர். வெயில்ல நின்னேன்."

"அக்கா..." என்றாள் மாதவி.

"நீ சும்மா இரு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆத்தா மேல ஆணைக்கா, உண்மையைச் சொல்லுங்க. உசுரு போயிரும்."

அக்கா சுவரைப் பார்த்தபடி, "மொதல்ல இவள வெளிய அனுப்புங்க, சொல்றேன்" என்றார்.

மாதவி வெளியே போனாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். எலிக்காய்ச்சலாக இருக்கலாம், இன்னும் இரண்டு நாள் மறைத்திருந்தால் சிறுநீரகமே கெட்டிருக்கும் என்று சொல்லி டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரத்தப் பரிசோதனையிலும் அதுதான் தெரிந்தது. ஊசி மருந்தில், அம்மன் கருணையில், காய்ச்சல் இறங்கியது.

திருவிழா முடிந்து நான் ஆஸ்பத்திரிக்குத் திருநீறு கொண்டுபோனபோது, அக்கா தொடாத காலைக் கஞ்சி ஆறிக் கிடந்தது.

"அவ வச்ச சாம்பார் எப்படி?" என்றார் அக்கா.

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "யாராச்சும் எலையில மிச்சம் வச்சாங்களா?" என்றார்.

ஒருவரும் வைக்கவில்லை. அம்மன் என்னை மன்னிக்க வேண்டும்.

"ரெண்டு மூணு பேரு வச்சாங்கக்கா" என்றேன்.

அக்கா எழுந்து உட்கார்ந்து, கஞ்சியை எடுத்துக் குடித்தார்.