மிக்கேல்ராஜ் கட்டிய சம்மரவுசு

எதை எடுத்தாலும் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பது மிக்கேல்ராஜின் பழக்கம். அன்றைக்கு அவர் கையில் ஒரு தகர டப்பா. குலுக்கினார், உள்ளே திருகாணிகள் கலகலத்தன. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை குலுக்கினார். "நல்லாக் காஞ்சிருக்கு சார். துருப் பிடிக்கல" என்றார், வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம். திறந்து பார்த்தால் தெரிந்துபோகிற சங்கதிக்கு இந்த மனிதர் ஏன் இப்படிக் குலுக்கிக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் திறந்தார். துரு இல்லைதான்.

சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அவர் பொறுப்பு. அந்த இருட்டறையில் குழாய் வழியாகச் சூடு ஓடும். பறித்துவந்த பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பிக் கதவைச் சாத்தினால், அது காய்ந்து முடியும்வரை வெளிக்காற்று எட்டிப் பார்க்கக் கூடாது; பார்த்தால் காயின் பச்சை நிறம் போய்விடும். ஒரு பிடி அள்ளிக் காதோரம் குலுக்கி, தோலுக்குள் ஏலவிதை ஆடுகிற சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் ஸ்டோரோடு நின்றதா? தீப்பெட்டி, கோழிமுட்டை, மருந்துப் புட்டி எல்லாமே அவர் காதுக்குப் போய்விட்டுத்தான் வரவேண்டும். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாராக வந்து அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டால் எனக்குப் பொழுதுபோக்கு இவர்தான்.

சென்ற தைமாதம் துரை தோட்டத்தைப் போடிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பினார். பழைய ஆட்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பரிசு கொடுத்தார். கங்காணி சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டார். கணக்கப்பிள்ளைக்குச் சாய்வு நாற்காலி. மிக்கேல்ராஜோ ஸ்டோர் பரணில் கிடந்த நீளப் பெட்டிகளைக் காட்டி, "அதக் குடுங்க தொரை" என்றார். துரைசானி தோட்டத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதற்காகக் கப்பலில் வந்த மரவீடு அது; 'சம்மரவுசு' என்பார் துரை. சுவர் தனி, கூரை தனி, தரை தனி என்று பலகைகளாக அடுக்கி, அந்தத் திருகாணி டப்பாவோடு வந்திருந்தது. பெட்டியைப் பிரிக்குமுன்பே துரைசானி ஊருக்குப் போய்விட்டதால் அப்படியே கிடந்தது. துரை வாய்விட்டுச் சிரித்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னாராம்.

மிக்கேல்ராஜுக்கு எதற்கு இந்த ஆசை என்று நான் விசாரிக்காமல் விடுவேனா? காரணம் அவர் மனைவி செபமாலையம்மாள். அந்த அம்மாளுக்கு மூச்சிழுப்பு. ஒற்றை அறை வீட்டில் அடுப்புப் புகைக்கு வழி கிடையாது. பேசிக்கொண்டே இருப்பவர் பாதியில் நிறுத்தி, மூச்சைத் தேடிப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொல்வார். "நல்ல காற்றோட்டம் வேண்டும், இல்லாவிட்டால் மலையைவிட்டுக் கீழே அனுப்பிவிடுங்கள்" என்று கம்பவுண்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போடியில் இருக்கும் தம்பி ஏசுரத்தினம், உயிர்த்த ஞாயிறு கழிந்த மறுநாள் ஜீப்போடு வந்து அக்காவைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியபோதே அந்த அம்மாள் தகரப்பெட்டியில் துணிமணியை அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, வாசலோரம் வைத்துவிட்டார்.

"எனக்கென்ன போகணும்னு ஆசையா? மூச்சு விடணும்லா" என்றார் என்னிடம்.

மிக்கேல்ராஜும் சுற்றி வளைக்காமல்தான் பேசினார். "மக அன்னாளத் தூத்துக்குடியில கெட்டிக் குடுத்தாச்சு. இவளும் போயிட்டா இந்த மலையில எனக்கு யாரு சார்? ஏலக்காயா பேசும்? ஒரு நல்ல எடமாக் கெட்டி அதுல இவள உக்கார வச்சிட்டா, ஏன் போகப் போறா?"

அறுவடை ஓய்ந்த காலம், ஸ்டோரில் வேலை இல்லை. வீட்டுக்குப் பின்னால், பள்ளத்தாக்கைப் பார்த்த மேட்டில் மண்ணைச் சமன்செய்து வேலையைத் தொடங்கினார். தோட்டத்து ஆசாரி சின்னையன் கைகொடுக்கிறேன் என்று வந்தார். மிக்கேல்ராஜ் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். "அவுக ஊர்ல இத வீட்டுக்காரனே கெட்டிக்கிடுவானாம், தொரை சொன்னாரு. அப்ப நான் யாரு, நானும் வீட்டுக்காரந்தானே?" முப்பது வருஷமாகத் தோட்டத்து வீட்டில் குடியிருந்தவர் இதைச் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

செய்முறைக் காகிதத்தைக் கரையான் தின்றிருந்தது. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் படம் மட்டும் பாக்கி. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கட்டினார். கூரையைச் சுவராக நிறுத்தி, அதை அண்ணாந்து பார்த்து, "கதவு எங்கடே?" என்று அதனிடமே கேட்டார். எங்கேயும் பொருந்தாத ஒரு பலகைக்கு 'மாமியார்ப் பலகை' என்று பெயர் வைத்தார். கடைசியில் அது வாசற்படி என்று தெரிந்ததும், தலையில் அடித்துக்கொண்டு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செபமாலையம்மாள் அடுப்படியிலிருந்து, "தொரை பொட்டி வீடாச்சா, இல்ல வீடுதான் பொட்டியாச்சா?" என்று குரல் கொடுப்பார். இவர் வாயில் திருகாணி இருப்பதால் பதில் வராது.

வீடு எழும்பிவிட்டது. இரண்டு பக்கமும் வெளியே திறக்கும் ஜன்னல், கூரைக்கடியில் இடைவெளிவிட்டு அடித்த சாய்வுச் சட்டங்கள், முன்னால் இரட்டைக் கதவு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் மிக்கேல்ராஜுக்கு ஒரு குறை. "வெள்ளைக்காரன் பலகை அறுக்கதுல கெட்டிக்காரன், சேக்கதுல சோம்பேறி. பாருங்க சார், எங்க பாத்தாலும் சந்து!" என்றார். சட்டங்களுக்கு நடுவே விரலைவிட்டு என்னிடம் ஆட்டிக் காட்டினார். பழைய சாக்கைக் கிழித்துத் திரித்து, உளியால் சந்துசந்தாகத் திணித்தார். சாய்வுச் சட்டங்களின்மேல் பெட்டிப் பலகையை வைத்து அடித்தார். கையைச் சுவரோரம் நீட்டி எங்கேயாவது காற்று ஊதுகிறதா என்று தடவிப் பார்த்தார். ஊதின இடத்தில் இன்னும் கொஞ்சம் சாக்கு. அந்த மும்முரத்தைப் பார்த்தால் அடுத்த ஜென்மத்துக்கும் சேர்த்து அடைப்பார் போலிருந்தது.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் குடிபுகல். செபமாலையம்மாள் புதுச் சேலையோடு உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். குளிர் தாக்கக் கூடாதென்று மிக்கேல்ராஜ் ஜன்னலையும் கதவையும் சாத்தினார். பக்கத்து வீட்டுச் சனங்களோடு நானும் வெளியே நின்றேன். சித்திரை வெயில் நேராகக் கூரைமேல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சற்று நேரத்தில் அந்தப் பழக்கப்பட்ட இழுப்பு கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவரின் முகமெல்லாம் வேர்வை.

படியில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏங்க... என்னையும் காய வச்சு... மூடை கெட்டி அனுப்பிருவோம்னு பாத்தீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மிக்கேல்ராஜ் சிரிக்கவில்லை. உள்ளே போனார். நாலு சுவரையும் பார்த்தார். காற்றுப் புகாத, வெளிச்சம் புகாத, அருமையான ஏலக்காய் ஸ்டோர் ஒன்றை நடுத்தோட்டத்தில் கட்டி வைத்திருந்தார். "காத்துப் பட்டாப் பச்ச போயிருமேன்னு..." என்று வாய்க்குள் முனகினார். "கை தானா அடச்சிட்டு சார். அவ மூச்சுக்குன்னு கெட்ட வந்தவன், என் கையே..." எனக்கும் அவரைப் பார்க்கச் சங்கடமாகப் போய்விட்டது.

உளியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பாஸ்காத் திருநாள் அன்னைக்கு வேல செய்யலாமா? பாவம்லா" என்று அந்த அம்மாள் தடுத்தார்.

"சேசுவே இன்னைக்குத்தான் கல்லப் பொரட்டிட்டு வெளிய வந்தாரு. நான் சாக்கத்தான உருவுதேன்!"

அன்று பொழுது சாயும்வரை உருவினார். உளி நுழையாத இடத்தில் விரலால் பிடுங்கினார். சட்டங்களின்மேல் அடித்த பலகைகளைப் பெயர்த்து விறகுக்குப் போட்டார். ஜன்னல்களை விரியத் தள்ளியதும் பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று. செபமாலையம்மாளை மறுபடி உட்காரச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாள் தானாகவே போய் உட்கார்ந்தார். தூத்துக்குடி மகளைப் பற்றி ஒரு கதையை ஆரம்பித்து, நடுவில் நிறுத்தாமல் முடித்தார். மிக்கேல்ராஜ் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏசுரத்தினம் சொன்னபடி ஜீப்போடு வந்துவிட்டார். அக்காவும் தம்பியும் மரவீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். "கிளம்புவமாக்கா? வெயிலுக்கு முன்ன எறங்கிருவோம்" என்றார் தம்பி. மிக்கேல்ராஜ் காலி டம்ளரைக் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். காற்று வேகமாக வீச, திறந்திருந்த ஜன்னல் கதவு படார் படார் என்று அடித்துக்கொண்டது. மாட்டுகிற கொக்கி அந்தத் தகர டப்பாவில் எங்கே தேடியும் கிடைக்காமல் போயிருந்தது.

செபமாலையம்மாள் எழுந்து பழைய வீட்டுக்குள் போனார். வாசலோரத்துத் தகரப்பெட்டியின் முன்னால் குனிந்து, முடிச்சைப் பல்லால் இளக்கி, கயிற்றை உருவிக்கொண்டு வந்தார்.

"இந்தாங்க, இதப் போட்டு அந்தக் கதவக் கெட்டுங்க. அடிச்சே ஒடஞ்சிரும்."

மிக்கேல்ராஜ் கயிற்றை வாங்கினார். ஜன்னலை விரியத் திறந்து, மரவீட்டின் மூலைத் தூணோடு சேர்த்துக் கட்டி இழுத்துப் பார்த்தார். உறுதியாகத்தான் இருந்தது. அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டார்.