மயில் வண்டிக்கு ஓர் அர்ச்சனை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். பேனாவை எடுப்பேன். வீட்டுக்காரி காபி கொண்டுவருவாள். குடித்துவிட்டுப் பேனாவை மூடிவிடுவேன். சாமி சந்நிதியில் நடந்த விஷயத்தை எழுதினால் முருகனையே கேலி செய்த மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பக்கம் பயம். எட்டாவதோடு நின்றவன் கார் பந்தயம் பற்றி எழுத வந்துட்டான் பாருங்க என்பார்களே என்று இன்னொரு பக்கம் கூச்சம். இப்போது என் பேத்தி இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். "தாத்தா, என் காதுகுத்துக் கதைய எழுதிக் குடு" என்று அவளே கேட்கிறாள். இனிமேல் தட்ட முடியாது. அப்பன் முருகனை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நான் வில்லாபுரத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். என் சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் விவசாயி. வாழையும் நெல்லும் உண்டு, சொந்த டிராக்டர் உண்டு. கல்யாணத்தை நாங்கள்தான் வில்லாபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடத்தினோம். மண்டபம் சின்னது, அவர்கள் ஜனம் பெரிது. வேன் வேனாக வந்து இறங்கினார்கள். முதல் பந்தியில் அவருடைய அண்ணனுக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தபோது பாயாசம் தீர்ந்துபோயிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எங்கள் ஊரில் பந்தி விஷயம் கொலை விஷயத்துக்குச் சமம். அன்றிலிருந்து சம்பந்தி எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. வாசல் வரை வருவார், நின்றுகொண்டே பேசுவார், ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கமாட்டார். பிறகு வாசலுக்கும் வருவதில்லை. என்னோடு பேச்சும் இல்லை.

மகளும் மாப்பிள்ளையும் திருப்பரங்குன்றத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். பேத்தி பிறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் நான் கிழக்கிலிருந்து போவேன், அவர் மேற்கிலிருந்து வருவார். ஒரே சோபாவில் இந்த முனையில் நான், அந்த முனையில் அவர். நடுவில் பேத்தி. என்னிடம் சொல்ல வேண்டியதை அவர் பிள்ளையிடம்தான் சொல்வார்.

"பாப்பா, ஒங்க தாத்தாவ அந்த ஃபேன கொஞ்சம் கொறைக்கச் சொல்லு."

நானும் பிள்ளையிடமே சொல்வேன். "பாப்பா, ஃபேன் அந்தத் தாத்தா பக்கத்துலதான் இருக்கு."

பிள்ளைக்கு அப்போது தவழக்கூட வரவில்லை.

மாப்பிள்ளைக்கு இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிற்று. அவர் கார் சர்வீஸ் செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவர், பந்தயப் பைத்தியம். ஒரு ஞாயிறு டிவியில் வெளிநாட்டுக் கார் பந்தயத்தைப் போட்டுவிட்டார். இரண்டு பெரிசுகளும் பேசாவிட்டாலும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

அந்த வருஷம் சாம்பியன் பட்டத்துக்கு இரண்டு அணிகள் முட்டிக்கொண்டிருந்தன. ஒன்று மஞ்சள் வண்டி, ஒன்று நீல வண்டி. "மஞ்சள்தான் நம்ம டிராக்டர் கலரு" என்று சம்பந்தி சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் மஞ்சள் என்றபிறகு நான் நீலம்தானே. அதுவும் சாதாரண நீலம் இல்லை, மயில் கழுத்து நீலம். முருகன் வாகனம் மாதிரி இருந்தது. அதனால் நான் அதை மயில் வண்டி என்றே சொன்னேன்.

முதல் பந்தயம் ஒரு காட்டுக்குள்ளே நீளம் நீளமாகப் போகிற பாதையில். மஞ்சள் வண்டி அம்பு மாதிரி போய்விட்டது. சம்பந்தி அன்று இரண்டு காபி குடித்தார். அடுத்தது ஒரு கடற்கரை ஊரின் தெருவுக்குள்ளேயே நடந்தது. திரும்பினால் திருப்பம், சுவர், இன்னொரு திருப்பம். அங்கே மயில் வண்டி முன்னால் வந்துவிட்டது. எனக்குத் தலை கால் புரியவில்லை. ஒரே வண்டி, ஒரே டிரைவர். போன வாரம் தோற்றவன் இந்த வாரம் எப்படி ஜெயிக்கிறான்?

மாப்பிள்ளை பொறுமையாகச் சொன்னார். "மாமா, உங்க வண்டிக்கு றெக்கை பெருசு. காத்து அத அமுக்கி ரோட்டோட ஒட்ட வைக்கும். அதனால வளைவுல வழுக்காது. ஆனா நேர் ரோட்டுல அதே காத்து புடிச்சு இழுக்கும். எங்கப்பா வண்டிக்கு றெக்கை சின்னது. நேரா போனா புடிக்க முடியாது, வளைவுல தடுமாறும்."

"அப்ப ஒன்னு ரிங் ரோட்டு வண்டி, ஒன்னு மாசி வீதி வண்டி" என்றேன். மாசி வீதி எங்கள் டவுனுக்குள் கோயிலைச் சுற்றி வளைந்து திரும்புகிற நெரிசல் தெரு.

"பாப்பா, ஒங்க தாத்தா வெவரந்தான்" என்றார் சம்பந்தி. பல வருஷத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் மாப்பிள்ளையைப் பாடாய்ப் படுத்தினோம். வாரத்தின் நடுவிலேயே போன் போட்டு, அடுத்த பாதை நேரா வளைவா என்று கேட்போம். வெயில் ஊரில் சொரசொரப்பான தரை வந்தால் மயில் வண்டியின் டயர், மில் கல்லில் விழுந்த அரிசி மாதிரி தேய்ந்துபோகும். அன்று எனக்குச் சோறு இறங்காது. மழை பெய்தால் நேர் ரோட்டிலும் மஞ்சள் வண்டி பயந்து பயந்து போகும். அன்று அவருக்கு இறங்காது. "கரிசல்ல மாட்டுன டிராக்டரு கணக்கா முழிக்கிறான் பாரு" என்று தன் ஆளையே திட்டுவார். ஒரு தடவை மலைமேல் உள்ள ஊரில் பந்தயம். அங்கே காற்றே லேசாம், றெக்கை பெரிதாக இருந்தும் பிரயோசனம் இல்லையாம். "பழனி மலைக்கு மேல ஏறுனா ஒங்க தாத்தாவுக்கும் இப்பிடித்தான் மூச்சு வாங்கும்" என்று பிள்ளையிடம் சொன்னார். நான் சிரித்துவிட்டேன்.

இதற்கு நடுவில் பேத்திக்கு ஒரு வயது நெருங்கியது. அதற்குள் காது குத்தவேண்டும். குன்றத்தில் முருகன் கோயிலில் குத்துவதாக மகள் வேண்டியிருந்தாள். தாய்மாமன், அதாவது என் மகன், மடியில் வைத்துக் குத்தி, எங்கள் வீட்டில் விருந்து போடுவதுதான் முறை. மகள் மாமனாரிடம் போய்க் கேட்டாள். "கோயிலுக்கு வாரேன்த்தா. அதுக்கு மேல வேணாம்" என்று சொல்லிவிட்டார். தாத்தா கை நனைக்காத வீட்டில் பிள்ளைக்கு என்ன விருந்து? நாள் குறிக்க முடியவில்லை. மகள் அடுப்படியில் நின்று அழுததை நான் பார்த்தேன். அப்பனுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் எழுதவேண்டியதில்லை.

கடைசிப் பந்தயத்துக்கு முந்தின வாரம். இரண்டு வண்டியும் புள்ளியில் சமமாக நின்றன. யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்குப் பட்டம். டிவியை நிறுத்தியதும் சம்பந்தி பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, ஒங்க தாத்தாகிட்டச் சொல்லு. மயில் வண்டி ஜெயிச்சா, நான் வில்லாபுரத்துல வந்து கை நனைக்கிறேன்."

மகள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அந்த வாரம் எனக்கு மில்லில் வேலை ஓடவில்லை. ராகி கொண்டுவந்தவருக்குக் கம்பு மாவைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். சனிக்கிழமை மாப்பிள்ளைக்குப் போன் செய்து, "மாப்ள, நம்ம டிரைவர் பொறந்த நேரம் தெரியுமா?" என்றேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. போனில் எதையோ போட்டுப் பார்த்து, "கார்த்திகை நட்சத்திரம் மாமா" என்றார். முருகனுடைய நட்சத்திரம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, பட்டை போட்டுக்கொண்டு, குன்றத்துக்குப் போய் அர்ச்சனைத் தட்டு வாங்கினேன். தேங்காய், பழம், வெற்றிலை, ஒரு முழம் மல்லிகை. வரிசையில் போய் நின்றால் எனக்கு முன்னால் ஒரு தெரிந்த முதுகு. சம்பந்தி. அவர் கையிலும் தட்டு.

திரும்பிப் பார்த்தார். பிள்ளை பக்கத்தில் இல்லை. யார் மூலமாகப் பேசுவது? கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கோயில் தூணைப் பார்த்தோம்.

"என்ன சம்மந்தி, இம்புட்டுத் தூரம்?" என்று நான்தான் கேட்டேன்.

"சும்மாதான். பாப்பா பேருக்கு ஒரு அர்ச்சனை. நீங்க?"

"நானும் பாப்பா பேருக்குத்தான்."

வரிசை நகர்ந்தது. குருக்கள் அவர் தட்டை வாங்கி, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

சம்பந்தி வாய்க்குள்ளே எதையோ சொன்னார்.

"காதுல விழலை. சத்தமாச் சொல்லுங்க."

வேறு வழியில்லை. மஞ்சள் வண்டி டிரைவரின் வெளிநாட்டுப் பெயரை வயல்காட்டுக் குரலில் சொன்னார். "விசாகம்" என்றும் சேர்த்துச் சொன்னார். குருக்கள் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, என்ன இருந்தாலும் குருக்கள்தானே, அந்தப் பெயரைத் தன்னால் முடிந்த மட்டும் சமஸ்கிருதமாக்கி அர்ச்சனை செய்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துண்டை வாயில் வைத்து அமுக்கினேன்.

அடுத்தது நான். "பேரு, நட்சத்திரம்?"

அவர் பட்டதைப் பார்த்தபிறகு அந்த வெளிநாட்டுப் பெயரைச் சொல்ல எனக்குக் கூச்சம். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.

"அதெல்லாம் இல்ல சாமி" என்று சம்பந்தி குறுக்கே வந்தார். என் டிரைவர் பெயரை அவரே சொன்னார். "கார்த்திகை நட்சத்திரம். நல்லாப் பண்ணுங்க. இன்னிக்கு அவனுக்குச் சந்திராஷ்டமம் வேற."

நான் அசந்துபோய்விட்டேன். என் ஆள் நட்சத்திரத்தை மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி, காலண்டரில் சந்திராஷ்டமம் வரை பார்த்து வைத்திருக்கிறார் மனிதர். கெட்ட நாள் என்று தெரிந்ததும் சந்தோஷப்படாமல், எதிராளிக்கு அர்ச்சனையும் செய்ய வைக்கிறார். வெளியே வந்து திருநீற்றை என் நெற்றியில் அவரே பூசினார். "ரெண்டு பேருக்கும் பண்ணியாச்சு. இனி முருகன் பாடு" என்றார்.

சாயங்காலம் பந்தயம். அந்தக் கடைசிப் பாதை எங்கள் இருவரையும் கொன்று எடுத்தது. முன்பாதி நீளமான நேர் ரோடு, பின்பாதி முழுக்க வளைவு. நேர் ரோடு வந்தால் அவர் சோபா நுனிக்கு வருவார், நான் சாய்ந்துகொள்வேன். வளைவு வந்தால் நான் நுனிக்கு, அவர் சாய்வார். "கெணத்துல கமலை எறைக்கிற மாடு மாதிரி முன்னயும் பின்னயும் போறீங்க" என்றாள் மகள். கடைசிச் சுற்று வரை மயில் வண்டிதான் முன்னால். கடைசி நேர் ரோட்டில் மஞ்சள் வண்டி விர்ரென்று தாண்டிவிட்டது.

"இருக்கட்டும், இன்னும் வளைவு பாக்கியிருக்கு" என்றேன்.

ஆனால் வளைவு குறுகல். மயில் வண்டி முட்டி முட்டிப் பார்க்கிறது, தாண்ட இடமில்லை. மாசி வீதியில் முன்னால் தண்ணீர் லாரி போனால் பின்னால் வருகிற பைக் எம்புட்டு வேகமாக இருந்து என்ன? எனக்குச் சாதகமென்று எதை நம்பினேனோ, அதுவே கையைக் கட்டிப்போட்டது. மஞ்சள் வண்டிக்குப் பட்டம்.

நான் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். மாப்பிள்ளை டிவி சத்தத்தைக் குறைத்தார். சம்பந்தி கைதட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அந்த முனையிலிருந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சம்மந்தி, விருந்து என்னைக்கு வச்சிருக்கீக?"

"உங்க வண்டிதானே ஜெயிச்சது?"

"அதான் வாரேன். தோத்துட்டு வந்து சாப்புட்டா, தோத்ததுக்கு அபராதம் கட்டுன மாதிரி ஆயிரும். இப்ப தலைய நிமித்திக்கிட்டு வரலாம்ல?"

இன்னொன்றும் சொன்னார். "அன்னிக்குக் கல்யாணத்துலயும் ஒங்க மேல தப்பில்ல, எங்க மேலயும் தப்பில்ல. நாங்க ரிங் ரோட்டு ஜனம். மண்டபம் மாசி வீதி. முட்டிக்கிட்டோம்."

உள்ளேயிருந்து மகள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு பாத்திரம் வைக்கிற சத்தம். யாரும் கேட்காமலே எல்லோருக்கும் காபி வந்தது.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. பேத்தி மாமன் மடியில் வீறிட்டு அழுதாள். வில்லாபுரத்தில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டோம், அகலமான பந்தல். முதல் இலையில் சம்பந்தியின் அண்ணன், இரண்டாவதில் சம்பந்தி. பாயாச வாளியை நானே தூக்கிக்கொண்டு போனேன். இலையில் ஊற்றியதும் வழித்துக் குடித்துவிட்டு, "பாப்பா, ஒங்க தாத்தாவ இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லு" என்றார். வாளி தீருகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சோபாவில் உட்காருகிறோம், நடுவில் பேத்திக்கு இடம் போதவில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சொந்தத்தில் இந்தக் கதை பலவிதமாக உலவுகிறது. சந்நிதியில் இரண்டு பேரும் தட்டால் அடித்துக்கொண்டதாக ஒருவர் சொல்கிறார். முருகனே மயில் வண்டியை ஜெயிக்க வைத்ததாக இன்னொருவர் சொல்கிறார். இரண்டும் இல்லை. மயில் வண்டி தோற்றது, நாங்கள் சேர்ந்தோம். முருகன் கொடுத்தது அப்படித்தான். ஆகவே இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது உப்புப் போடவேண்டாம், புளியைக் குறைக்கவேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.