கிரனாடாவுக்கு ஒரு பொமேலியாக் கொப்பு

காலை ஐந்து இருபதுக்கு சிஞ்ஞோர் நீனோவை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கத் தொடங்கினேன். ஐம்பத்தெட்டுப் படிகள், லிஃப்ட் கிடையாது. பலெர்மோவின் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் உள்ள அந்தக் கட்டடத்தில் பதினொரு வருடமாக ஏறி இறங்கி, படி கட்டினவனைத் திட்டாத நாளில்லை. அன்றைக்கு மட்டும் இன்னும் நூறு படி இருந்திருக்கலாம் என்று பட்டது. கீழே மாசி மழை. மீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கை நீனோ, இந்த மழையிலை?"

"ஸ்பெயினுக்கு, மகளிட்டை. ஒரு கிழமை."

நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன்.

ஒரு கிழமை என்பது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவனும் நான்தான். சிஞ்ஞோர் நீனோவுக்கு வயது எண்பத்து நான்கு. முப்பத்தொரு வருடம் மலைக் கிராமங்களுக்கு பஸ் ஓட்டியவர். மனைவி இறந்து நான்கு வருடம். அவரைக் குளிப்பாட்டுவது, சமைப்பது, மருந்து கொடுப்பது, திட்டு வாங்குவது என் வேலை. ஐப்பசியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை குளியலறையில் விழுந்தார். கிரனாடாவில் இருக்கும் மகள் ரோசாலியா வந்து கூப்பிட்டபோது, இந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடு மகளின் பேரில். வாங்க ஆளும் வந்துவிட்டது. கடைசியில் அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "நீங்கள் கூட்டிக்கொண்டு வந்தால் பப்பா வருவார். ஒரு கிழமை எண்டு சொல்லுங்கோ. பிறகு நான் மெல்லக் கதைக்கிறன்." அவருக்குப் போக மட்டும் ரிக்கற், எனக்குப் போய்வர. இரண்டும் என் சட்டைப் பையில் இருந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய பல்கனியில் அவர் மனைவி, சிஞ்ஞோரா, வளர்த்த பொமேலியா மரம் ஒன்று பெரிய சாடியில் நிற்கிறது. எங்கள் மன்னாரில் அதை ஈழத்தலரி என்போம், சேமக்காலைகளில் கல்லறைக்குப் பக்கத்தில் நிற்கும். பலெர்மோவில் அது வீட்டு மரம். குளிர் தொடங்கினால் இலை கொட்டிய கொப்புகளின் நுனியில் முட்டைக்கோதைத் தொப்பி மாதிரிக் கவிழ்த்துவிடுவார்கள், குருத்து கருகாது. நீனோ முட்டை தொடமாட்டார். பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் அவித்த முட்டையும் பாணும் தின்று, பென்சன் எடுத்த நாளில் சத்தியம் பண்ணிவிட்டாராம். அதனால் கோதெல்லாம் எங்கள் வீட்டுக் குசினியிலிருந்துதான் போகும். அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. பெண்பிள்ளை கலியாணம் கட்டி வீட்டை விட்டுப் போகும்போது தாய் பொமேலியாவில் ஒரு கொப்பு வெட்டிக் கொடுத்துவிடுவாள். என் மகள் மெலனி கலியாணம் கட்டி ஜேர்மனிக்குப் போனபோது, சிஞ்ஞோரா தன் மகளுக்குச் செய்ததுபோல அவளுக்கும் ஒன்று வெட்டிக் கொடுத்தார்.

பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் நான் ஒரு கொப்பு வெட்டினேன். பால் காயவிட்டு, பேப்பரில் சுற்றி, நுனியில் கோது வைத்து, என் பையில் உடுப்புகளுக்கு நடுவில் படுக்க வைத்தேன். என் மனைவி ஜெசிந்தா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு கிழமைக்குப் போற ஆளுக்கு ஆரப்பா கொப்பு வெட்டிக் குடுக்கிறது? மனுசன் கண்டால் விளங்காதோ?"

"என்ரை பேக்கிலைதானே வைக்கிறன். அவர் ஏன் துறக்கப்போறார்?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிறியள். மறையுங்கோ."

ரோமில் விமானம் மாறி, மதியம் ஒன்று பத்துக்கு மாலகாவில் இறங்கினோம். வாடகைக் கார் நாளுக்கு நாற்பத்தொரு யூரோ, சின்னச் சாம்பல் நிறக் கார். நீனோ ஊன்றுகோலால் நாலு டயரையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். வேகச் சாலையால் போனால் ஒன்றரை மணி நேரத்தில் கிரனாடா. ஆனால் அவர் பலெர்மோவிலேயே ஏழு யூரோவுக்கு வரைபடம் வாங்கி, பென்சிலால் வேறொரு பாதையைக் கீறி வைத்திருந்தார். கடற்கரையோடு அல்முனியேக்கர் வரை, அங்கிருந்து மலையேறும் பழைய றோட்டு. பெயர் கார்ரெத்தேரா தெ லா காப்ரா, ஆட்டுப் பாதை.

(அவர் பேசுவது சிசிலியன் கலந்த இத்தாலியன். பதினொரு வருடமாக அது என் காதில் என் ஊர்த் தமிழாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.)

"அது ரெண்டு மணித்தியாலம் கூட எடுக்கும் சிஞ்ஞோரே. மகள் பார்த்துக்கொண்டிருப்பா."

"கெதியாப் போய் என்ன செய்யப்போறாய் பெப்பே? ஒரு கிழமை கிடக்குதே."

என் பெயர் சூசை. அவருக்கு முதல் நாளிலிருந்தே பெப்பே. நான் காரை எடுத்தேன்.

மாலகாவிலிருந்து அல்முனியேக்கர் எண்பத்தைந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும். வலப்பக்கம் முழுக்கக் கடல். பலெர்மோவுக்குப் பக்கத்தில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பார்க்கும் அதே கடல்தான், அன்றைக்கு ஈயம் காய்ச்சி ஊற்றின மாதிரிக் கிடந்தது. வெள்ளைச் சுவர் ஊர்கள் மழையில் ஊறி மங்கிப் போயிருந்தன. மூன்று மணிக்குக் கடலை விட்டுத் திரும்பி, கெத்தே என்ற ஊரில் நின்றோம். பள்ளத்தாக்கு முழுக்க அன்னமுன்னா மரங்கள், சீத்தாப்பழத்தின் சாதி. றோட்டோரம் குடையின் கீழ் ஒரு மனுசி பழம் வைத்திருந்தாள், கிலோ இரண்டரை யூரோ. நீனோ இத்தாலியனில் விலை குறைக்கச் சொன்னார். அவள் ஸ்பானியத்தில் முடியாது என்றாள். இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கியது.

ஒத்தீவார் என்ற ஊருக்குப் பிறகு மலை தொடங்கியது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் இரண்டு கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு விலகக்கூடிய றோட்டு. கீழே விட்டுவந்த கடல் ஒவ்வொரு வளைவிலும் சின்னதாகிக்கொண்டு போய், ஒன்பதாவதோ பத்தாவதோ வளைவில் மூடுபனிப் புகாருக்குள் காணாமல் போனது. நல்ல வெயில் நாளில் இது சொர்க்கம் மாதிரி இருக்குமாம். எங்களுக்கு வாய்த்தது நனைந்த பாறையும் கருகின பைன் மரமும்.

"கோர்ண் அடி. வளைவுக்கு முன்னாலை அடிக்கவேணும், வளைவுக்குள்ளை அடிச்சுப் பிரயோசனமில்லை."

"ஓம் சிஞ்ஞோரே."

"ரெண்டாம் கியர். பிரேக்கை நம்பாதை."

"ஓம்."

"திரும்பி வரேக்கை கவனி. இந்தப் பக்கத்துக்கு வெயில் விழாது, வெள்ளன வந்தால் வளைவிலை பனி உறைஞ்சு கிடக்கும். பத்து மணிக்குப் பிறகுதான் வெளிக்கிடவேணும். ஏறேக்கை இறக்கத்தைப் பாக்காதவன் சாரதியில்லை. ஞாபகம் வை."

ஓம் என்றேன். பொய் சொன்ன வாய்க்குப் பொரியும் கிடையாது என்பார்கள். காலையிலிருந்து எத்தனை ஓம் சொல்லியிருப்பேன் என்று எண்ணவே பயமாக இருந்தது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்பு, ஆயிரத்து இருநூறு மீற்றர் உயரத்துக்கு மேல், நின்று காட்சி பார்ப்பதற்கென்று ஒதுக்கிய மைதானம் ஒன்று வந்தது. பார்க்க ஒன்றுமில்லை, வெறும் வெள்ளைப் புகார். குளிர் காதைக் கடித்தது. நான் ஒதுங்கப் போனேன். திரும்பி வந்தபோது கார் டிக்கி திறந்திருந்தது. கழுத்துக்குச் சால்வை தேடியிருக்கிறார். இரண்டு பேருடைய பையும் கறுப்பு. திறந்திருந்தது என்னுடையது. ஒரு கையில் கொப்பு, மற்றக் கையில் நொருங்கிப்போன முட்டைக்கோது. பேப்பரைக் கவனமாக மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"இது எங்கடை பல்கனிக் கொப்பு."

"ஓம்."

"ஆருக்கு?"

டிக்கிக்குள் கலைந்து கிடந்த என் உடுப்புகளை அடுக்கத் தொடங்கினேன்.

"என்ரை மனுசி இதை மூண்டு பேருக்குத்தான் வெட்டினவள். ரோசாலியாவுக்கு, என்ரை தங்கச்சியின்ரை மகளுக்கு, உன்ரை மெலனிக்கு. ஒருத்தியும் இருக்கவெண்டு திரும்பி வரேல்லை." கையிலிருந்த கோதைக் காற்றில் விட்டார். "எனக்குத் திரும்பிப் போக ரிக்கற் இருக்கோ, பெப்பே?"

"இல்லை சிஞ்ஞோரே. வர மட்டுந்தான்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். உப்பு ஒரு கிள்ளுக் கூடினாலே கத்துகிற மனுசன். அன்றைக்குக் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் புகாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு மனுசனைப் பார்சல் மாதிரிக் கொண்டுவந்து கொடுக்கிறேனே என்று என்மீதே அருவருப்பாக இருந்தது.

"சொல்லுங்கோ, திருப்பிறன். இப்பவே திருப்பிறன். மகளுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

அவர் றோட்டைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"இஞ்சை திருப்பேலாது," என்றார்.

ஒரு பஸ்ஸையே வட்டமடித்துத் திருப்பக்கூடிய மைதானம் அது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினவருக்கு அது தெரியாதா? நான் கதவைத் திறந்துவிட்டேன். அவர் கொப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

பிறகு இருபது கிலோமீற்றர் ஓடினோம். நான் கியரைப் பிழையாகப் போட்டபோதும் அவர் திருத்தவில்லை. மேட்டுநிலம் வந்தது, வாதுமை மரங்களில் பூ வந்திருந்தது, ஆடுகள் நனைந்துகொண்டு நின்றன. மகளுக்கென்று பலெர்மோவில் வாங்கிய சியாகுல்லி மந்தரின் தோடம்பழப் பை அவர் காலடியில் இருந்தது. குனிந்து ஒன்றை எடுத்து உரித்து, பாதியை என் பக்கம் நீட்டினார். வாங்கித் தின்றேன்.

"ரோசாலியாவுக்கு எனக்குத் தெரியுமெண்டு சொல்லாதை. பாவம், அவள் சொல்லிறதுக்குச் சொல்லுகளைப் பாடமாக்கி வைச்சிருப்பாள். சொல்லட்டும்."

ஐந்தே காலுக்கு சுஸ்பீரோ தெல் மோரோ என்ற கணவாயைக் கடந்தோம். கிரனாடாவை இழந்த கடைசி அரசன் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்ட இடமென்று சொல்கிறார்கள். கீழே நகரம் சாம்பலாகத் தெரிந்தது. பின்னால் பனிமலை இருக்க வேண்டும், மேகம் மூடியிருந்தது. அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர்.

ரோசாலியா வாசலில் நின்றாள். "பப்பா, ஒரு கிழமை நல்லா ஆறுங்கோ," என்று கட்டிப்பிடித்தாள். "ஓம், ஒரு கிழமை," என்றார் அவர். அவருக்கென்று ஒழுங்குபடுத்திய அறையைக் காட்டினாள். புதுக் கட்டில், கட்டில் தலைமாட்டில் அழைப்புமணி, குளியலறைச் சுவரில் புதிதாக அடித்த பிடிகம்பிகள். கம்பியைச் சுற்றிப் பூசிய சீமெந்து இன்னும் வெளுக்கவில்லை. நீனோ கம்பியைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "வலுவாத்தான் இருக்கு," என்றார். கொப்பைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். ரோசாலியா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

மறுநாள் அல்ஹம்ப்ராவைப் பார்க்க நுழைவுச்சீட்டு இல்லை, எல்லாம் முன்பே விற்றுத் தீர்ந்துவிட்டது. தாரோ ஆற்றங்கரைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தோம். சிவந்த கோட்டை, நனைந்து இன்னும் சிவந்திருந்தது. அவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். அந்த ஒடுக்கமான தெருவுக்குள் வந்து போகும் சின்ன பஸ்களை ஒரு மணி நேரம் பார்த்தார். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண் இருக்காது. ஒரு பஸ் உரசாமல் திரும்பியபோது, "நல்லா எடுக்கிறான்," என்றார். அன்றைக்கு அவர் தானாகச் சொன்ன முதல் பேச்சு அதுதான். இரண்டு கோப்பிக்கு மூன்று யூரோ. தன்னுடையதை ஆறிப்போகும்வரை அவர் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் என் பயணம். காலை எட்டு மணிக்கு ரோசாலியா குசினியிலிருந்து ஆச்சரியமாக எட்டிப் பார்த்தாள்.

"பப்பா முட்டை கேக்கிறார். அவிச்ச முட்டை. அவர் முட்டை தின்னமாட்டாரே?"

"எனக்குத் தெரியேல்லை," என்றேன். நான் சொன்ன கடைசிப் பொய் அது.

அவர் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு, கரண்டியால் முட்டையின் தலையை மட்டும் வட்டமாகத் தட்டி எடுத்தார். உள்ளே இருந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து விழுங்குகிற மாதிரி ஏழெட்டு வாயில் தின்று முடித்தார். கோதைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். மெல்ல நடந்து தன் அறைக்குப் போனார். யன்னலோரம், ரோசாலியாவின் பழைய சாடி ஒன்றில் கொப்பு நட்டிருந்தது. எப்போது நட்டார் என்று எனக்குத் தெரியாது. கோதை அதன் நுனியில் கவிழ்த்தார். இரண்டாம் முறைதான் சரியாக நின்றது.

"இந்தக் குளிருக்குப் பிழைக்குமோ சிஞ்ஞோரே?"

"பாப்பம்," என்றார். என் பக்கம் திரும்பவில்லை. "பத்து மணிக்குப் பிறகு வெளிக்கிடு. ரெண்டாம் கியர். பிரேக்கை நம்பாதை."

"போட்டு வாறன்," என்றேன், தமிழில். பதினொரு வருடம் ஒவ்வொரு பின்னேரமும் அவருடைய வாசலில் நான் சொன்னது. அவரும் அதே மாதிரிக் கையை மட்டும் தூக்கினார்.

கணவாயில் காரை ஓரம் கட்டினேன். அரசன் இழந்தது ஒரு இராச்சியம். எனக்குப் போனது ஒரு வேலை, திட்டுகிற ஒரு கிழவன். ஆனாலும் நின்று திரும்பிப் பார்த்தேன். எந்தக் கூரை என்று தெரியவில்லை. மன்னாரில் எங்கள் ஊர் பேசாலையை விட்டு வெளிக்கிட்ட அன்றைக்கு, இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று என் தகப்பனுக்குச் சொன்னேன். அவரும் ஓம் என்றுதான் சொன்னார். அவருக்கும் தெரிந்திருக்கும் என்பது இத்தனை காலத்துக்குப் பிறகு அந்த மலையில்தான் எனக்கு விளங்கியது.

ஆட்டுப் பாதையால்தான் இறங்கினேன். பதினொரு மணி, வளைவுகளில் பனி கரைந்து ஈரம் மட்டும் இருந்தது. இரண்டாம் கியரில், பிரேக்கைத் தொடாமல் வந்தேன். கடல் தெரியும்வரை எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கோர்ண் அடித்தேன்.