அம்மாவின் கம்பளி மேல் ஒரு மடிக்கணினி

மலை நகரமான தானா ராத்தாவின் கணினிக் கடையில் அண்ணன் இரண்டு மடிக்கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புரோசசர் வேகத்தை அளக்கும் சோதனையை ஓடவிட்டான். மெலிந்ததற்குப் புள்ளி அதிகம் வந்தது, தடித்தது தோற்றது.

"ஸ்கோரப் பாரு. இதையே எடுத்துக்கலாம் லா," என்றான். நானும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினேன். சோதனை முடிந்தபோது கையிலிருந்த தேநீர்கூட ஆறவில்லை. அவ்வளவு குட்டிச் சோதனை அது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று, கட்டட வரைபடங்களை அசையும் படமாக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்யத் தருவதாகச் சொல்லியிருந்தது. முதலில் ஒரு மாதிரிப் படம், ஒரே நாளில் செய்து மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். கிடைத்தால், நடக்க முடியாத அம்மாவோடு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் நான் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் அண்ணன் இடம் பார்த்து வைத்திருந்தான்.

மாதிரிப் படம் செய்ய உட்கார்ந்த அன்று காலை அம்மா தன் கம்பளியை நீட்டினாள். "மேச சில்லுனு இருக்கும்மா. மெஷினுக்கு அடியில போடு, ஈரம் ஏறிடப் போவுது." எங்கள் லயத்தில் டிவியைக்கூடப் போர்த்தித்தான் வைப்போம். மடித்துப் போட்டேன்.

முதலில் கணினி பறந்தது. போகப் போக நொண்டியது. மதியம், மீதி வேலை முடிய நள்ளிரவாகும் என்று திரை காட்டியது. அடியில் கை வைத்தால் தோசைக்கல்லாகச் சுட்டது. இந்த மலைக்குளிரில் ஒரு பொருள் சூட்டால் படுக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

கம்பளியை உருவி எறிந்தேன். சன்னலைத் திறந்தேன். சற்று வேகமெடுத்தது, மறுபடி விழுந்தது. அந்த மெலிந்த உடம்புக்கு நாள் முழுக்கச் சூட்டை வெளியேற்றத் தெம்பில்லை. கடையில் வெறுங்கையோடு ஓடிக் காட்டியதை நம்பி, கொழுந்துக் கூடையோடு மேடேறச் சொல்லியிருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவள்தான் நான்.

ஐந்து மணி தாண்டியது. அவகாசம் கேட்டு எழுதினேன். வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது. கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இல்லத்துக்கு அழைத்துப் போக அண்ணனின் கார் வந்த அன்று, அம்மாவைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து அந்தக் கம்பளியைப் போர்த்தினேன். அவள் அதை மெல்ல விலக்கி என்னிடம் நீட்டினாள்.

"நீயே வச்சுக்கம்மா. மெஷினுக்கு வேணும்ல."